காலி சைக்கிளில் பார்த்த பிரேக்

மும்பை சயான் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. உள்ளே, சைக்கிளோடு விழுந்த மாமாவின் காலில் பழைய மாவுக்கட்டைப் பிரித்துப் புதுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் வார்டு ஊழியர் ஒருவர் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார். குறுக்கே ஒரு கதவு திறந்தது. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து இழுத்தார். ஸ்ட்ரெச்சர் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதே ஸ்ட்ரெச்சர், மேலே பருமனான ஒரு ஆளோடு திரும்பி வந்தது. மறுபடி யாரோ குறுக்கே வந்தார்கள். இப்போது அந்த ஊழியர் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, செருப்பைத் தரையில் தேய்த்தும் அது நாலு எட்டு போய்த்தான் நின்றது. "சைடு! சைடு!" என்று கத்தினார்.

என் மடியில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம். மறுநாள் டெஸ்ட். முதல் பாடமே இயக்க விதிகள். எஃப் சமம் எம் ஏ என்று வகுப்பில் நீங்களும் என்னோடு சேர்ந்து ராகம் போட்டுச் சொன்னவர்கள்தான். ஃபோர்ஸ், மாஸ், ஆக்சிலரேஷன். தமிழில் விசை, நிறை, முடுக்கம் என்று அவற்றுக்குப் பெயர் உண்டு என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். ஆக்சிலரேஷன் என்றால் வேகம் கூடுவது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்பதும் அதே கணக்குத்தான் என்பது அந்த வராந்தாவில்தான் விளங்கியது. இழுக்கிறவர் ஒருவரே. மேலே ஏறியிருக்கும் பாரம் மட்டும் வேறு.

சைக்கிள் ரிப்பேர் பாய் மாமாவின் காலி சைக்கிளில் அல்லவா பிரேக் பார்த்தார்!

எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னளா, பேர் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

இதை எழுதச் சொன்னது நம் பள்ளி வாட்ஸாப் குரூப்தான். பள்ளிக்கூடக் காலத்துப் பழைய கதைகளை ஆளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள், சேர்த்துப் புத்தகம் போடலாம் என்றீர்கள். நமக்கெல்லாம் இருபத்தெட்டு ஆகிறது, அதற்குள் கிழவி மாதிரி ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள், சிரியுங்கள். உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதும் தெரியும். வீட்டில் அம்மா இருந்தால் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ஸ் நோட் அனுப்பு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. தாராவியில் நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் வீடு. அவர் சைக்கிளில் இட்லி விற்றது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த ரப்பர் ஹார்னை அழுத்திப் பார்க்காதவர்கள் நம் வகுப்பில் கிடையாது. பின் கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, துணி போட்டு மூடியிருக்கும். ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சாம்பார் தூக்கு, மறுபக்கம் சட்டினித் தூக்கு. அந்தச் சைக்கிள் கறுப்பு, கனமான பழைய ரகம். பிரேக்குக்கு ஒயர் கிடையாது, கம்பிதான். கம்பியின் முனையில் ரப்பர் கட்டை, அது ரிம்மை அழுத்தும். இன்றைக்கு அந்த மாதிரி சைக்கிளைத் தேடினால் பழைய இரும்பு வாங்குகிற பங்கார் கடையில்கூடக் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் அத்தை ஒரு புது ஆர்டர் பிடித்தாள். சயானில் ஒரு ஆபீஸ், காலை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். அதற்காக முதல் பாத்திரத்தின் மேலேயே இரண்டாவது பாத்திரம் ஏறியது. சாம்பார் தூக்கும் இரண்டானது. மாமா சைக்கிளில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து அவர் தலை தெரியாது. "மாமா எங்க? பாத்திரம் தானா போகுது!" என்று நாம் கத்திக்கொண்டு ஓடுவோம்.

மாதம் ஒருமுறை அந்தச் சைக்கிள் பாயின் ரிப்பேர் கடைக்குப் போகும். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு பம்பு, மேலே நீலத் தார்ப்பாய். பாய் எங்கள் ஜில்லாக்காரர்தான், கடையநல்லூர்ப் பக்கம். ஒரு விஷயத்தில் அவர் கறார்: பாத்திரம் ஏற்றிய சைக்கிளைத் தொடமாட்டார்.

"வே, எறக்கிட்டுக் கொண்டாரும். என் கையப் பாரும், கிரீஸு. ஒரு சொட்டு சட்டினியில விழுந்துச்சுன்னா ஒம்ம கஸ்டமரு நாளைக்கு வருவானா?"

இட்லிக்காரர்களும் அப்படித்தான் விரும்பினார்கள். கெரசின் வாடை ஒரு இட்லியில் ஏறினால் மொத்தப் பாத்திரமும் திரும்பி வந்துவிடும். ஆகவே எங்கள் சந்தில் இருந்த அத்தனை இட்லி சைக்கிள்களும் வெறும் சைக்கிளாகத்தான் பாயிடம் போயின. அவர் கட்டை மாற்றுவார், கம்பியை முறுக்குவார், ஏறி உட்கார்ந்து சந்துக்குள் ஒரு ரவுண்டு போய் சடாரென்று பிடிப்பார். பின் சக்கரம் கிரீச் என்று தேய்ந்து நிற்கும். "எடுத்துட்டுப் போம்" என்பார். பாய் ஒல்லி. அவர் சட்டைக்குள் இன்னொருத்தர் நுழையலாம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் மாமா சயான் ரயில்வே பாலத்தில் ஏறி இறங்கினார். இறக்கத்தின் அடியில் பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்தார்கள். பிரேக்கை அழுத்தினார், நிற்கவில்லை. பிள்ளைகள் மேல் போகாமல் இருக்க ஒடித்துத் திருப்பினார். பாத்திரம் இரண்டும் ஒரு பக்கமாகச் சாய, சைக்கிள் அவர் கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. சாம்பார் கொட்டி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று மழை பெய்யவில்லை. பெய்திருந்தால் எல்லோரும் மழையைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நாலு நாளாகச் சேற்றில் கிடந்த ரோடு அன்றைக்குப் பார்த்துக் காய்ந்து கிடந்தது.

மாமா முன்பு குடித்தவர். குடித்துவிட்டு இரண்டு தடவை சைக்கிளோடு விழுந்தும் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இனி ஒருதரம் தொட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அத்தை எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. அல்லது தொடவில்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

அன்று மத்தியானம் சைக்கிளைத் தூக்கி வந்து பாயின் கடை முன்னால் போட்டார்கள். ஹேண்டில் திரும்பியிருந்தது, ஒரு பெடல் வளைந்திருந்தது. சந்தே கூடி நின்றது. அத்தை இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னால் நின்றாள். பாய் ஹேண்டிலை நேராக்கினார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், ஏறி ஒரு ரவுண்டு போனார், பிடித்தார். கிரீச். நின்றது. மறுபடி போனார். மறுபடி நின்றது.

"நிக்குதா இல்லியா? நீங்களே பாத்துச் சொல்லுங்க. கட்ட மாத்தி இருவது நாளு ஆவல."

அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு கிரீச்சும் சேர்ந்து மாமாவின் பெயரைக் கெடுத்துவிட்டன.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். "ரோடு காஞ்சு கெடக்கு. பிரேக்கு நிக்குது. பின்ன என்னத்துக்கு மைனி விழுந்தாவ?"

"நெதானம் தப்பியிருக்கும்ளா."

"நெதானம் ஏன் தப்புச்சுன்னுதான் நானும் கேக்கேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாமா, "யக்கா, ஒரு சொட்டு தொடலக்கா. பிரேக்க முழுசா அழுத்துனேன். நிக்கல" என்றார். இதையே மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் அம்மா, "சரி, மொதல்ல தின்னு" என்று தட்டைத்தான் நகர்த்தினார். அம்மாவும் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவண்டியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, வீக்கம் வடிந்த பிறகு, புதுக்கட்டுப் போடப் போன அன்றுதான் நான் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பாயிடம் ஓடினேன்.

"பாய், நீங்க எத்தன கிலோ?"

"ஏன்ளா, என்னய எடைக்குப் போடவா போற?"

"ஆமா."

எடைக்குத்தான் போட்டோம். நம் வகுப்பில் பங்கார் கடைக்காரர் மகள் ஒருத்தி உண்டே, இப்போது துபாயிலிருந்து குரூப்பில் குட்மார்னிங் மட்டும் போடுகிறவள், அவளும் நானும். அவள் அப்பா கடையில் பழைய இரும்பு நிறுக்கிற பெரிய மேடைத் தராசு இருந்தது. பாய் அதில் ஏறி நின்றார். "அரே, இத்னா ஹி, இவ்வளவுதானா? பழைய ரத்தி பேப்பரே இதவிட வெயிட்டா இருக்கும்" என்றாள் அவள். நாற்பத்தெட்டு கிலோ. சைக்கிள் இருபத்திரண்டு. மொத்தம் எழுபது.

மாமாவின் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டேன். மாமா அறுபத்திரண்டு, சைக்கிள், இரண்டு பாத்திரம், தூக்குகள் எல்லாம் சேர்த்து நூற்று அறுபதைத் தொட்டது. பிரேக் கட்டை அதே கட்டை. அழுத்துகிற கை கிட்டத்தட்ட ஒரே கை. நிறை இரண்டு மடங்குக்கு மேல். அப்படியானால் வேகம் குறைகிற வீதம் பாதிக்கும் கீழே. பாய்க்கு நின்ற இடத்தில் மாமாவுக்கு நிற்காது.

பாயிடம் நோட்டைக் காட்டினேன். அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் பேப்பருல நிக்கும்மா. ரோட்டுல காட்டு."

முதல் சோதனை நம் பள்ளிக்கூடத்துச் சந்தில். நினைவிருக்கிறதா? உங்களில் மூன்று பேர்தான் பாரம். கேரியரில் இரண்டு பேர், முன் கம்பியில் ஒருத்தன். தராசில் எடை பார்த்துக்கொண்டோம். பாய் காலியாகப் போய்ப் பிடித்தார், கோடு போட்டோம். உங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பிடித்தார். அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றது!

"ஏ பாகல், பைத்தியமே, ஒன் தியரி உல்ட்டா" என்று பங்கார் கடைக்காரர் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. பாய்க்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அவள் தரையைப் பார்த்தாள். சேற்றில் ஆறு நீளக் கோடுகள். பயத்தில் நீங்கள் எல்லோரும் காலைத் தரையில் ஊன்றித் தேய்த்திருக்கிறீர்கள். "இட்லி கால ஊனாதுடா" என்றேன். அன்றிலிருந்து அந்த மூன்று பேருக்கும் இட்லி என்று பெயர் வந்தது, ஒருத்தன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும்.

ஆகவே நிஜப் பாத்திரம் வேண்டும், நிஜ இறக்கம் வேண்டும், அதைப் பார்க்க அத்தை வேண்டும். மற்றவர்கள் பார்த்து என்ன பிரயோஜனம்? சனிக்கிழமை பள்ளி விட்டதும் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, கோவண்டியில் இறங்கினேன். தனியாக ரயிலில் போனது அதுதான் முதல்முறை. அம்மாவிடம் டியூஷன் என்று சொல்லியிருந்தேன்.

அத்தை குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஒங்க மாமா அனுப்புனாவளா?" என்றாள்.

"இல்ல. மாமா சைக்கிளையும் பாத்திரத்தயும் பங்காருக்குப் போடப் போறாவ. அதச் சொல்ல வந்தேன்."

அது உண்மைதான். மாமா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பாத்திரம் ரெண்டும் நான் பாத்துப் பாத்து வாங்குனது. அத விக்க அவுக யாரு?"

"அதான் நீங்க நாளைக்குக் காலையில வாங்க. சயான் பாலத்துக்கு வாங்க."

"பாத்திரத்த வாங்க பாலத்துக்கு எதுக்குட்டி?"

நோட்டை எடுத்தேன். அவள் ஈரக்கையைக் காட்டி, நீயே சொல்லு என்றாள். சொன்னேன். ஸ்ட்ரெச்சரிலிருந்து ஆரம்பித்து, பாயின் எடை, கிரீச், எல்லாம். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும், "ஒங்க பாய்க்கிட்ட சொல்லு, பாத்திரத்துல நசுக்கு விழுந்துச்சுன்னா அவருதான் பொறுப்பு" என்றாள். வருகிறாள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாலத்தில் வண்டிகள் குறைவு. பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே சுண்ணாம்பால் ஒரு கோடு. அங்கிருந்து பெடல் மிதிக்காமல் விட்டுவிட வேண்டும். காலியோ பாரமோ, கீழே வரும்போது வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். கீழே இன்னொரு கோடு. அதைத் தொட்ட நிமிஷம் பிரேக் பிடிக்க வேண்டும். மாமா வரவில்லை, அவருக்கு நாங்கள் சொல்லவேயில்லை. அம்மா வந்திருந்தார், டியூஷன் விஷயம் தெரிந்து என் காதைத் திருகிவிட்டு. அத்தை குழந்தையோடு பாலத்துச் சுவர் ஓரமாக நின்றாள்.

முதலில் காலி சைக்கிள். பாய் வந்தார், பிடித்தார். என் எட்டுக்கு ஆறு எட்டு தள்ளி நின்றது.

பிறகு பாத்திரங்களில் மூடி வரை தண்ணீர் நிரப்பி, இட்லியும் சாம்பாரும் இருந்திருக்கக்கூடிய எடைக்குத் தராசில் சரிபார்த்து ஏற்றினோம். மாமாவுக்குப் பதில் பாய் என்பதால் பதினாலு கிலோ குறைவு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பாய் சிரித்துக்கொண்டேதான் மேலே போனார். கோட்டிலிருந்து விட்டார். வந்தார். கீழ்க் கோட்டில் பிடித்தார். அவர் முகத்தில் சிரிப்பு போனதை நான் பார்த்தேன். சைக்கிள் நிற்கவில்லை. பத்து எட்டு. பன்னிரண்டு. "ஏய், தள்ளுங்கடே!" என்று கத்தினார். பதினாறாவது எட்டில் நின்றது. மாமா விழுந்த இடத்தைத் தாண்டி.

பாய் இறங்கவில்லை. இரண்டு கையும் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தன.

"முழுசா அழுத்துனேன்" என்றார். "அல்லா மேல ஆண, முழுசா அழுத்துனேன்."

மாமா ஆஸ்பத்திரியில் சொன்ன அதே பேச்சு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆறு எட்டுக்குப் பதினாறு எட்டு. நிறை இரண்டு மடங்குதான் ஆனது, தூரம் ஏன் அதற்கும் மேலே போனது என்று அன்று எனக்குப் புரியவில்லை. இறக்கமும் தன் பங்குக்கு இழுக்கிறது, பாரம் கூடினால் அந்த இழுப்பும் கூடுகிறது என்பது டிப்ளமோ படிக்கும்போதுதான் விளங்கியது. அன்று எனக்குப் பதினாறு என்ற எண்ணே போதும். வெற்றிதான்.

அத்தை சுவரோரத்திலிருந்து வந்தாள். மேல் பாத்திரத்தின் மீது கையை வைத்தாள். "இத ஏத்துனது நாந்தான்" என்றாள். யாரையும் பார்க்கவில்லை.

பாய், "பாக்காம விட்டது நானும்தான்" என்றார்.

அத்தை என்னிடம் திரும்பினாள். "அவுக அன்னிக்குக் குடிக்கலன்னு இது சொல்லுமா?"

நோட்டைப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம். "சொல்லாது அத்தை. குடிக்காட்டாலும் நின்னுருக்காதுன்னுதான் சொல்லும்."

அவள் தலையாட்டினாள். அன்று கோவண்டிக்குத்தான் திரும்பிப் போனாள். இரண்டு நாள் கழித்து ஒரு பையோடும் குழந்தையோடும் வந்து இறங்கினாள். மாமாவிடம் என்ன பேசினாள் என்று எங்களுக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மாவிடம் மட்டும், "கேக்காம முடிவு கட்டிட்டேன் மைனி" என்றாளாம்.

எனக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து வடாபாவ் வாங்கிக் கொடுத்தீர்கள். டெஸ்டில் இருபதுக்குப் பதினொன்று வாங்கினேன், அது வேறு விஷயம். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க நான் சந்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதை. போன மாதம் வரைக்கும் எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

நான் இப்போது லிஃப்ட் கம்பெனியில் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். புது லிஃப்ட்டைக் காலியாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டோம். இரும்புக் கட்டிகளை வண்டி வண்டியாக உள்ளே அடுக்கி, முழுப் பாரத்தோடு விட்டு, பிரேக் எங்கே பிடிக்கிறது என்று பார்ப்போம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் சயான் பாலத்தில் என்று சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். அந்தப் பாலத்தை இப்போது இடித்துவிட்டார்கள்.

மாமாவும் அத்தையும் கோவண்டிக்கே குடி போய்விட்டார்கள். மாமாவுக்குக் கால் லேசாக விந்தும், சைக்கிள் மிதிக்க முடியும். அன்றைய கைக்குழந்தை இப்போது ஒன்பதாம் வகுப்பு. டவுட் கேட்க என்னிடம் வருவாள். போன மாதம் வந்தவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. செம்பூரில் ஒரு ஹாஸ்டல் தினமும் காலை இட்லி கேட்கிறதாம். மாமா போகலாம் என்கிறார், அத்தை முடியாது என்கிறாளாம்.

"ஏன் முடியாதாம்?"

"ரெண்டாவது பாத்திரம் ஏத்தணும்ல. அம்மா ஏத்தமாட்டா. அப்பா கால நாந்தான் ஒடச்சேன்னு சொல்லுவா. எப்ப கேட்டாலும் அதேதான். நீதான் கணக்குப் போட்டுக் காட்டுனியாமே?"

அந்தப் பாலத்தில் நான் மாமாவைத்தான் விடுவித்தேன் என்று பதினாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றத்தை அப்படியே தூக்கி அத்தையின் தலையில் வைத்திருக்கிறேன், அதுவும் எண் போட்டு. அவள் மேல் பாத்திரத்தில் கை வைத்தபோது நான் எட்டுகளை எண்ணி முடித்த சந்தோஷத்தில் இருந்தேன். ஆபீஸ் ஆர்டரை அந்த வாரமே நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு பாத்திரத்துக்கு மேல் அந்த வீட்டிலிருந்து போனதில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை.

என்னைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற அந்தக் குட்டி விடவில்லை. "தீதி, எம் டபுள் ஆச்சுன்னா எஃப்பையும் டபுள் பண்ணிட்டா ஏ அதேதானே? பிரேக்க ஸ்ட்ராங் பண்ணா போதும்ல? நீ ஏன் அம்மாகிட்ட பாதிய மட்டும் சொன்ன?"

பதினாலு வயதில் எனக்கு மாமா ஏன் விழுந்தார் என்பது மட்டும்தான் வேண்டியிருந்தது. இனி எப்படி விழாமல் போவது என்ற பக்கத்தை நான் திருப்பவேயில்லை. சமன்பாட்டில் மூன்று எழுத்து இருக்கிறது. நான் அத்தையிடம் இரண்டைத்தான் காட்டினேன்.

மறுநாளே தாராவிக்குப் போனேன். பாய் இப்போது இல்லை. அவர் மகன் கடையைப் பெரிதாக்கியிருக்கிறான். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்த, சரக்கு ஏற்றுகிற புதுச் சைக்கிள் ஒன்றை எனக்காக எடுத்து வைத்தான். "மொதல்ல பாரம் ஏத்து, அப்புறம் பாரு" என்றேன். "தண்ணி கேன் போதுமா தீதி?" என்றான். பாத்திரம் வேண்டாம், கிரீஸ் கைக்கு அதுவே வசதி. பத்து லிட்டர் கேன் எட்டு ஏற்றினோம். சந்துக்குள் பிடித்தான், நின்றது. ஆனால் சந்து சமதரை, அங்கே வேகம் போதாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கோவண்டியில் பார்க்கிறோம். ரயில்வே லைனுக்குப் பக்கத்து ரோட்டில் ஒரு நல்ல இறக்கம் இருக்கிறது. காலியாக ஒரு தடவை, ஒரு பாத்திரத்தோடு ஒரு தடவை, இரண்டோடு மூன்று தடவை. இந்தத் தடவை ஓட்டப்போவது நான், அறுபத்தெட்டு கிலோ. எட்டு வைத்து எண்ணுவதெல்லாம் கிடையாது, குட்டி டேப் வாங்கி வைத்திருக்கிறாள். இரண்டு பாத்திரத்தோடும் அது காலிச் சைக்கிள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரேக் பேடை மாற்றி அடுத்த ஞாயிறு.

நேற்று அத்தைக்கு போன் செய்து அத்தனையும் சொன்னேன். ஹாஸ்டல் ஆர்டரைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"நான் பாக்க வரமாட்டேன்" என்றாள். பிறகு, "எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஆறரை."

"ஆறுக்கே வீட்டுக்கு வா. பாத்திரத்த நான் கட்டித் தாரேன். ஒங்களுக்குக் கட்டத் தெரியாது."